கரை மறைவதைப் பார்க்க ஒரு ஜன்னல்

போன வாரம் டிராவல்ஸ்காரத் தம்பி போன் செய்தார்.

“மேடம், கப்பல் ட்ரிப் சூப்பரா இருந்துச்சுல்ல? நம்ம பேஜ்ல அஞ்சு ஸ்டார் போட்டு ரெண்டு வரி எழுதிடுங்களேன். நீங்க எழுதுனா நாலு பேரு படிப்பாங்க.”

இரண்டு வரி எதற்குத் தம்பி? எனக்கு வாராவாரம் ஒரு முழுப் பக்கமே கொடுத்து வைத்திருக்கிறார்களே! படித்துக்கொள்ளுங்கள்.

தனலெட்சுமியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கோட்டுச்சேரிமேட்டுக்காரி. காரைக்கால் மார்க்கெட்டில் மீன் விற்பவள். அவளிடம் மீன் வாங்க ஆரம்பித்தபோது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. இப்போது ரிட்டயர் ஆகியும் ஆண்டுகள் ஓடிவிட்டன. மீன் வாங்கக் கால் மணி நேரம், கதை பேச முக்கால் மணி நேரம் – அப்படி வளர்ந்த சிநேகம்.

அவள் புருஷன் கலியபெருமாள் ஆயுசு முழுக்கக் கடலுக்குப் போனவர். இப்போது முழங்கால் தகராறு செய்வதால் வீட்டோடு இருக்கிறார். போட்டை மகன் பார்த்துக்கொள்கிறான். வீட்டோடு இருக்கும் புருஷன் என்றால் சண்டைக்குக் கேட்பானேன்?

ஒருநாள் கொடுவா மீனைத் துண்டு போட்டபடியே பொரிந்து தள்ளினாள் தனம்.

“எந்தச் சண்டை வந்தாலும் அந்த மனுசன் ஒரே பதிலுதாங்க்கா வச்சிருக்காரு. ‘கரை கண்ணுக்கு மறையுறப்ப நெஞ்சு எப்படி ஆவும்னு உனக்குத் தெரியுமா? உள்ள போயிப் பாத்தவனுக்குத்தான் தெரியும்’பாரு. அதோட சண்டை முடிஞ்சிடும். நான் என்னத்தச் சொல்றது? நான்தான் போனதே இல்லையே!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறந்தது கடலோரம், வாழ்க்கைப்பட்டது கடலோரம், பிழைப்பு மீன். ஆனால் ஒருநாள்கூடக் கடலுக்குள் போனதில்லை! அவர்கள் பக்கம் பெண்கள் போட்டில் ஏறுவதில்லையாம். வழக்கமாம். யார் போட்ட வழக்கம்? நிச்சயமாக, ஏறாதவர்கள் போட்டதாக இருக்காது.

ஆக, நாற்பது வருடச் சண்டையில் ஒரு தடவைகூட ஜெயிக்காத ஒருத்தி என் முன்னால் உட்கார்ந்து மீன் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். என் வாய் சும்மா இருக்குமா?

“தனம், கப்பல்ல வரியா? மெட்ராஸ்ல கிளம்பி நடுக்கடல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வருது. ரெண்டு ராத்திரி. நான் போகலாம்னு இருக்கேன்.”

அரிவாள்மனையில் ஓடிக்கொண்டிருந்த கை நின்றது.

“கரை மறையுறது தெரியுமாக்கா?”

“தெரியும்.”

“அப்ப வரேன்.”

கலியபெருமாள் விழுந்து விழுந்து சிரித்தாராம். “காசு குடுத்து யாராச்சும் கடலுக்குப் போவாங்களா? நாம பாக்காத கடலா?” என்றாராம். அவள் காசு, அவள் போகிறாள் – இவருக்கென்ன வந்தது?

இருவரும் சேர்ந்துதான் டிராவல்ஸ் ஆபீஸுக்குப் போனோம். டிக்கெட் போடும்போதே தம்பியிடம் தெளிவாகச் சொன்னேன். பால்கனி வைத்த கேபின் வேண்டும். கப்பல் கிளம்பும்போது இவள் கரையைப் பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் எங்களுக்கு முக்கியம். சாப்பாடு, டான்ஸ், மேஜிக் ஷோ எதுவும் எங்களுக்குப் பெரிசில்லை.

“கண்டிப்பா மேடம்” என்றார். பக்கத்தில் நின்ற தனமும் அதைக் கேட்டாள்.

கப்பலில் போகப்போகிறவர்களே, முதல் பாடத்தை இங்கே எழுதிக்கொள்ளுங்கள். ‘கண்டிப்பா’ என்பது கேபின் நம்பர் அல்ல. எந்தத் தளம், எந்த நம்பர், ஜன்னலா பால்கனியா – புறப்படுவதற்கு முன்பே கையில் வாங்கிவிடுங்கள். கப்பலின் வரைபடம் இன்டர்நெட்டிலேயே கிடைக்கும். உங்கள் நம்பர் எங்கே வருகிறது, அதன் எதிரே என்ன தொங்குகிறது என்று உற்றுப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. நம்பினேன்.

துறைமுகத்தில் ஏகப்பட்ட கூட்டம். காரைக்காலிலிருந்து தம்பி அழைத்து வந்த குழுவே இரண்டு வேன். பெரிய பெட்டிகளை வாசலிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். அவை சாவகாசமாகத்தான் கேபினுக்கு வந்து சேரும். எங்களோடு வந்த ஒரு பெரியவர் சர்க்கரை மாத்திரையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, சாப்பாட்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து முழித்துக்கொண்டிருந்தார். மாத்திரை, கண்ணாடி, மாற்றுத் துணி ஒன்று – கைப்பையில் இருக்கட்டும். இதைச் சொல்வதற்குத்தானே தம்பி கூடவே வந்தார்? சொன்னாரா? அவர் ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்.

கேபின் கதவைத் திறந்தோம். சின்ன அறை, சுத்தமான அறை. பால்கனியைக் காணோம். ஜன்னல்தான் இருந்தது. சரி, ஜன்னலாவது இருக்கிறதே என்று திரையை விலக்கினேன்.

ஜன்னல் முழுக்க ஆரஞ்சு நிறம்!

ஆபத்துக் காலத்தில் இறக்கிவிடும் படகு இருக்கிறதல்லவா, அது எங்கள் ஜன்னலை அடைத்துக்கொண்டு தொங்குகிறது. வானம் இல்லை. கடல் இல்லை. படகின் வயிறு மட்டும்தான்.

தனம் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏங்க்கா, ஊர்லதான் கதவத் தொறந்தா போட்டு நிக்கிதுன்னா… இங்கயும் போட்டா?”

அவள் சிரிக்கவில்லை. எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

தம்பியைத் தேடிப் பிடித்தேன். பால்கனி கேபின் என்னாயிற்று? கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு விஷயத்தைக் கக்கினார். பிரான்ஸிலிருந்து லீவுக்கு வந்த ஒரு குடும்பம் கடைசி நேரத்தில் சேர்ந்துகொண்டதாம். பால்கனி கேட்டார்களாம். மேலே போட்டுக் கொடுக்கவும் தயாராக இருந்தார்களாம். அதனால் எங்களுடையது அவர்களுக்குப் போய்விட்டது.

“எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா?”

அதற்கு அவர் சொன்ன பதிலைத்தான் என்னால் இன்று வரை செரிக்க முடியவில்லை.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க… அந்தம்மா கடலோரத்து ஆளுதானே? தெனம் பாக்குற கடல்தானே? அவங்களுக்கு எதுக்கு மேடம் பால்கனி?”

தனம் பக்கத்திலேயே நிற்கிறாள். அவள் காதுபடச் சொல்கிறார்!

எப்படி இருக்கிறது நியாயம்? நான் நெடுங்காட்டுப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். வயலைத் தினம் பார்த்தே வளர்ந்தவள். அதனால் எனக்குச் சோறு போட வேண்டாமா? தினமும் துணியைப் பார்க்கிற ஜவுளிக்கடைக்காரர் தீபாவளிக்கு வேட்டி கட்டக் கூடாதா? காசு வாங்கும்போது கடலோரத்துக் காசு என்று தள்ளி வைத்தீர்களா தம்பி? அதை மட்டும் எண்ணி எண்ணித்தானே பையில் போட்டீர்கள்!

இதையெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொள்ளவில்லை. நடுக்கூடத்தில் நின்று, கப்பலே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். பிரான்ஸ் குடும்பத்தின் மேல் எனக்கு வருத்தமில்லை. காலியாக இருக்கிறது என்று சொல்லித்தான் அவர்களிடம் விற்றிருக்கிறார்.

அடுத்து ரிசப்ஷன். அங்கே நீள வரிசை. எங்கள் முறை வந்தபோது அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, ஏஜென்ட் கொடுத்த பட்டியல்படிதான் செய்ய முடியும், கப்பல் நிறைந்துவிட்டது, மன்னிக்கவும் என்றாள். கூடவே இரண்டு ஜூஸ் கூப்பன் நீட்டினாள். கோபத்தில் இருக்கிறவளிடம் ஜூஸ் நீட்டுகிற இந்தப் பழக்கத்தை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ! மேனேஜரைக் கூப்பிடு என்று ஆரம்பித்தேன்.

மேனேஜர் வந்தார். பேசினேன். திரும்பிப் பார்த்தால்… தனத்தைக் காணோம்.

அப்போதுதான் கவனித்தேன். கூடத்தின் கோடியில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாகத் துறைமுகத்து கிரேன் ஒன்று மெதுவாகப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. கப்பல் கிளம்பிவிட்டது! ஒரு குலுக்கல் இல்லை, ஒரு ஆட்டம் இல்லை. பஸ் மாதிரி உறுமிக்கொண்டு கிளம்பும் என்று காத்திருந்தால் ஏமாந்துதான் போவீர்கள். கிளம்பும் நேரத்துக்கு முன்பே மேல் தளத்துக்குப் போய் இடம் பிடித்துவிட வேண்டும். சண்டை எதுவாக இருந்தாலும் பிறகு போட்டுக்கொள்ளலாம். கப்பல் எங்கே போய்விடப் போகிறது?

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. படியேறினேன். மூச்சு வாங்கியது. அவள் இதற்காக மட்டும்தானே வந்தாள்? அதுவும் போய்விட்டால், பக்கத்து வீட்டில்கூட எதையும் வாய் திறந்து கேட்காத அவளை இத்தனை தூரம் இழுத்து வந்த நான் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

மேல் தளத்தில் டீஜே காதைப் பிளந்துகொண்டிருந்தது. பாதிப் பேர் ஆடுகிறார்கள். மீதிப் பேர் செல்ஃபி எடுக்கிறார்கள். கரை இருக்கிற பக்கம் எல்லாருடைய முதுகும் இருந்தது.

பின்பக்கக் கம்பியோரம் ஒரு கத்தரிப்பூ நிறப் புடவை தெரிந்தது. தனம்! இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். கூலிங்கிளாஸ் போட்ட ஒரு பையன், “ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளுங்க, போட்டோ எடுக்கணும்” என்றான்.

“தள்ள மாட்டேன். நீ போயி அங்கிட்டு நின்னு உன் மூஞ்சிய எடு. நான் என் கரையப் பாக்கணும்.”

மார்க்கெட்டில் பழகிய தொண்டை. டீஜேயையும் மீறிக் கேட்டது. பையன் போய்விட்டான்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். கட்டடங்கள் குட்டையாகின. சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. ஆயுசு முழுக்கக் கடலில் உதிக்கிற சூரியனையே பார்த்தவள், அது கரையில் விழுவதைப் பார்த்தாள். கரை ஒரு கோடாயிற்று. கோடும் புகையாயிற்று. பிறகு இல்லை.

அழுவாள் என்று நினைத்தேன். திரும்பினாள். முகம் கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்தது.

“எனக்கு ஒண்ணுமே ஆவலக்கா.”

“என்ன தனம்?”

“நெஞ்சு ஒண்ணும் ஆவல. ஏன் ஆவும்? அவரு போறப்பல்லாம் நான் கரையில நின்னேன். போட்டு மறையுற வரைக்கும் நின்னுட்டுத்தான் கூடையத் தூக்குவேன். அவருக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆச்சுன்னா, அங்க நான் நின்னதாலதானேக்கா? எனக்கு அங்க யாரு நிக்கிறா? மெட்ராஸ்ல எனக்கு யாரத் தெரியும்?”

கம்பியை ஒரு அடி அடித்தாள்.

“நாப்பது வருசமா கரை கரைன்னாரு. நீ நின்னன்னு ஒரு நாளு சொன்னாராக்கா?”

அந்தத் தம்பியின் மேல் இருந்த என் கோபமெல்லாம் இவள் கோபத்துக்கு முன்னால் சில்லறையாகிவிட்டது.

உடனே போன் போட்டுப் புருஷனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடத் துடித்தாள். சிக்னல் போய்விட்டது. கரை மறைந்து சற்று நேரத்தில் நம் போன் செத்துவிடும். கப்பலின் நெட்வொர்க்கில் பேசினால் பில்லைப் பார்த்து நாம் செத்துவிடுவோம். ஏறியதுமே ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள். வீட்டில் சொல்ல வேண்டியதை எல்லாம் கரையிலேயே சொல்லிவிடுங்கள் – சண்டை உட்பட.

இரண்டு நாளும் தனம் அந்தக் கோபத்தை அடைகாத்தாள். பஃபேயில் மலை மாதிரி மீனை அள்ளி வந்து பாதியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தவர்களைப் பார்த்து அது இன்னும் ஏறியது. “இதப் புடிச்சவன் எத்தன நாளு தூங்காம இருந்திருப்பான்?” என்று ஒரு குடும்பத்தைக் கேட்டே விட்டாள். அவர்கள் மேஜையை மாற்றிக்கொண்டார்கள். தயவுசெய்து கொஞ்சமாக எடுங்கள், ஐயா. திரும்பப் போய் எடுத்தால் யாரும் அடிக்கப் போவதில்லை.

சென்னைக்குத் திரும்பியதும் அவள் போன் உயிர் பெற்று அலறியது. கலியபெருமாள்தான். எடுக்கவில்லை. மறுபடி அலறியது. எடுக்கவில்லை.

“நேருல பேசிக்கிறேன்” என்றாள்.

வேனில் தம்பியின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் இருவரும் பஸ் பிடித்தோம். காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. டீக்கடை ஓரம், முழங்காலைத் தேய்த்தபடி கலியபெருமாள் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் பாய்ந்து வந்தார்.

“மத்தியானத்துலேர்ந்து நிக்கிறேன். வேன்ல நீ வரல. மெட்ராஸ் பஸ்ஸு ஒவ்வொண்ணா வருது, ஒண்ணுலயும் நீ எறங்கல. போனையும் எடுக்கல. எனக்கு நெஞ்சு எப்படி ஆயிடுச்சு தெரியுமா?”

தனம் பையை அவர் கையில் திணித்தாள்.

“தெரியும்யா. கரையில நின்னவளுக்குத் தெரியாதா?”

நாற்பது வருடத்தில் முதல் தடவையாகத் தனம் ஜெயித்துவிட்டாள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

அந்த அஞ்சு ஸ்டாரா தம்பி? என்னிடம் இல்லை. தனத்திடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் மார்க்கெட்டில்தான் இருப்பாள் – ஆனால் அரிவாள்மனைக்குக் கொஞ்சம் தள்ளி நின்றே கேளுங்கள்.