பச்சை வீடு நின்ற இடம்

வண்ணார்பேட்டையில் வேன், லாரிகளுக்குப் பெயிண்ட் அடித்துப் பிழைக்கும் இன்னாசி, கடல் கொண்டுபோன தன் ஊரை வாடகை வீட்டுச் சுவரில் வரைந்திருந்தான். படகுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டைத்தான் அந்த ஊரில் வீட்டுக்கும் அடிப்பார்கள். அதனால் பார்க்க வந்தவர்கள் நிறத்தை வைத்தே தங்கள் வீட்டைக் கண்டுபிடித்து, தொட்டுப் பார்த்து அழுதார்கள்.

ஒருநாள் அண்ணன் சந்தியாகுவும் வந்தான். கடற்கரை மணல்மேட்டை லாரிக்காரர்களுக்கு விற்றவன் அவன்தான். மேடு போன பிறகுதான் கடல் ஊருக்குள் வந்தது. எந்த முகத்தோடு வந்து நிற்கிறான் என்று இன்னாசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உட்காரக்கூடச் சொல்லவில்லை.

சந்தியாகுவின் படகு பச்சை. சுவரில் பச்சை வீட்டைத் தேடித் தேடிப் பார்த்தான்.

"ஏலே, எல்லாவன் வீடும் இருக்கு. என் வீட்ட மட்டும் காணலியே?"

"நல்லாப் பாரு. பச்சை அங்கன இருக்கு."

கோயிலுக்குப் பின்னால், அவன் வீடு நின்ற இடத்தில், மணல் பாரத்தோடு ஒரு பச்சை லாரி நின்றது.

"என்னலே இது?"

"ஒன் வீடுதான். ஊரையே அதுலதான ஏத்திவுட்ட, ஒன் வீடு மட்டும் எறங்கி நிக்குமா?"