குடிக்க முடியாத மருந்தும் பக்கத்து நாற்காலி அக்காவும்

இரண்டாயிரத்து ஏழு என்று நினைவு. ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு காலை. மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரில், மருந்துத் தண்ணீர் நிறைந்த பெரிய பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, எழுந்து ஓடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஏன் அங்கே போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொந்த ஊர் எழுமலை. வாக்கப்பட்டு வந்தது வண்டியூர். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் வீட்டில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். என் அண்ணன் கூலி வேலைக்குப் போய்ப் போய், எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கியவர். அதில் முதல் வெள்ளாமை எடுத்த வருடமே அவருக்குக் குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. தெரிந்தபோது முற்றிப் போயிருந்தது. அவரைப் பார்த்த டாக்டர், "கூடப் பிறந்தவங்க எல்லாரும் ஒரு தடவை குடலைப் பரிசோதிச்சிருங்க. உடம்புக்கு ஒண்ணும் இல்லைன்னாலும் பாக்கணும்" என்று கண்டிப்பாகச் சொன்னார்.

அண்ணன் இறந்த பிறகு, பயத்தோடுதான் பரிசோதனைக்குப் போனேன். முதலில் ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாய் விட்டுப் பார்த்தார்கள். என் குடல் ரொம்ப வளைந்து கிடக்கிறதாம். பாதிக்கு மேல் குழாய் போகவில்லை. நான் வலியில் கத்தியதுதான் மிச்சம். பார்க்க முடியாத பகுதியை சி.டி. ஸ்கேனில் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஸ்கேன்தானே, படுத்து எழுந்தால் முடிந்தது என்று நினைத்தேன். அதற்கு முன்னால் இவ்வளவு பாடு இருக்கும் என்று தெரியாது. முந்தின நாள் முழுக்கக் கஞ்சித் தண்ணீர்தான் ஆகாரம். வயிற்றைச் சுத்தம் செய்ய ஒரு மருந்து. அது போதாதென்று ஸ்கேனுக்கான மருந்து வேறு. தண்ணீரில் கலந்து சாயங்காலம் ஒரு பங்கு, மீதியைக் காலையில் சென்டரில் வைத்துக் குடிக்க வேண்டும்.

"குடல்ல கழிவு கொஞ்சம் தங்கியிருந்தாலும் இந்த மருந்து கலந்துட்டா படத்துல வெள்ளையாத் தெரியும்மா. குடிக்கலைன்னா எது கழிவு, எது கட்டின்னு பிரிச்சுப் பாக்கச் சிரமம்" என்று அங்கே ஸ்கேன் எடுக்கிறவர் பொறுமையாகச் சொன்னார்.

சொல்வது சுலபம். குடிப்பது யார்? கசப்பும் உப்புமாக, வாயில் இரும்பை வைத்துச் சப்பியது போல ஒரு ருசி. கணவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றப் போக வேண்டியிருந்ததால், "இறக்கி விட்டுட்டு ஓடியாந்துர்றேன்" என்று என்னை உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு மடக்குதான் குடித்திருப்பேன், குமட்டிக்கொண்டு வந்தது. கழிப்பறைக்கு ஓடி, குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். எனக்குத்தான் ஒரு நோவும் இல்லையே, எதற்கு இந்தக் கஷ்டம் என்று தோன்றியது. பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"ஏம்மா, எங்க கிளம்பிட்ட?"

பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாதான் கேட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். சற்று முன் அவருடைய கணவரை உள்ளே கூப்பிட்டபோது இருவரும் சௌராஷ்டிர மொழியில் ஏதோ பேசிக்கொண்டதைக் கவனித்திருந்தேன்.

"முடியலைக்கா. உள்ள போனதெல்லாம் வெளிய வந்துருச்சு. நான் போறேன்."

"இரு, இரு. இப்பத்தான இவரும் அதைக் குடிச்சிட்டு உள்ள போனாரு. ஒரே மூச்சுல குடிச்சா அப்படித்தான் பெரட்டும். உக்காரு."

என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு நேராக உள்ளே போய், எனக்கு வாந்தி வந்த விஷயத்தைச் சொல்லி, இதில் எலுமிச்சை ஜூஸ் கலக்கலாமா என்று கேட்டார். வடிகட்டின ஜூஸ் என்றால் பரவாயில்லை, வாந்தியில் போனதுக்குக் கொஞ்சம் மருந்து கூடத் தருகிறோம், மெதுவாகக் குடிக்கட்டும் என்றார்களாம். உடனே எதிர்க் கடைக்குப் போய் ஜூஸ் வாங்கி வந்துவிட்டார். தன் கூடையிலிருந்து ஒரு சில்வர் தம்ளரை எடுத்து, பாதி மருந்து, பாதி ஜூஸாக ஊற்றி என்னிடம் நீட்டினார்.

நான் தயங்கினேன். ஊரில் எங்கள் ஆட்களுக்குத் தன் வீட்டுத் தம்ளரை நீட்டாத எத்தனையோ வாசல்களில் நின்றவள் நான். நான் யார், எந்தத் தெரு என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வாங்கிக்கம்மா. நான் வெறும் ஜூஸைக் குடிக்கிறேன், நீ இதைக் குடி. ஒரு வாய் நான், ஒரு வாய் நீ."

சின்னப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி அப்படித்தான் குடிக்க வைத்தார். ஒரு வாய் குடித்ததும் என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார். பதில் சொல்லி முடித்ததும் அடுத்த வாய். ஜாக்கெட்டுக்குக் கை எப்படி வெட்டுவாய் என்று கேட்டார். நான் சொல்லச் சொல்லத் தம்ளரை நிரப்பினார். என் அண்ணன் கதையையும், எனக்கு நோவு இல்லாமலே பரிசோதிக்க வந்ததையும் சொன்னேன். நடுவில் மறுபடி குமட்டியபோது முதுகைத் தடவிவிட்டார். அவ்வப்போது அவருடைய கண் மட்டும் ஸ்கேன் அறைக் கதவுக்குப் போய்த் திரும்பும். எனக்கு அப்போது அது புரியவில்லை.

பாட்டில் காலியாகும் நேரத்தில் கதவு திறந்தது. அவர் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். மெலிந்து, சட்டை தோளில் நிற்காமல் தொங்கியது. அக்கா ஓடிப்போய் அவரைத் தாங்கிக் கூட்டி வந்து உட்கார வைத்தார்.

"அண்ணனுக்கு என்னக்கா?" என்று கேட்டேன்.

"குடல்லதாம்மா. ரத்தம் போச்சு, மூலம்னு நெனச்சு ஒரு வருசத்தை ஓட்டிட்டோம். ஆபரேசன் ஆயிருச்சு. இப்ப ஈரலுக்குப் பரவியிருக்கான்னு பாக்கத்தான் வந்தோம்." பிறகு என் கையை இறுக்கிப் பிடித்தார். "நாங்க பிந்திட்டோம். நீ ஒண்ணும் வாரதுக்கு முன்னாடியே வந்திருக்க. எந்திரிச்சுப் போயிராத தாயி."

சற்று நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். மெல்லிய குழாய் வழியாகக் குடலுக்குள் காற்றை ஏற்றி, மல்லாக்கப் படுக்க வைத்தும் குப்புறப் படுக்க வைத்தும் படம் எடுத்தார்கள். வயிறு உப்பி, வலித்தது. 'எந்திரிச்சுப் போயிராத' என்ற அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

வெளியே வந்து பார்த்தேன். இரண்டு நாற்காலியும் காலி. என் கணவர்தான் நின்றிருந்தார். "ஒரு அம்மா உன்னையப் பாத்துக்கச் சொல்லிட்டுப் போனாங்க" என்றார். பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேனே என்று அங்கேயே அழுதேன்.

குழாய் எட்டாத அந்தப் பகுதியில்தான் ஒரு சதை வளர்ச்சி இருந்தது. வேறொரு பெரிய மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்து, மறுபடி குழாய் விட்டு அதை எடுத்தார்கள். பரிசோதித்துவிட்டு, இன்னும் புற்றுநோய் ஆகவில்லை, அப்படியே விட்டிருந்தால் ஆகியிருக்கும் என்றார் டாக்டர். என் கணவர் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் அந்த அக்காவை நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு என் தம்பியையும் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பரிசோதிக்க வைத்தேன். தெப்பத் திருவிழாக் கூட்டத்திலும் கீழவாசல் கடைத்தெருவிலும் அந்த அக்காவின் முகத்தைத் தேடாத வருடம் இல்லை. அந்த அண்ணன் பிழைத்தாரா, தெரியாது. பிழைத்திருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் சாமி கும்பிடும்போது கேட்கிறேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் தன் கணவரின் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து ஜாக்கெட் கை வெட்டுவதைப் பற்றிப் பேச எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்பது, வயது ஏற ஏறத்தான் எனக்கு விளங்குகிறது.