சிறிலின் கொப்பியில் இருந்த ஊர்கள்

சிறில் எங்கள் ஒபிஸில் சேர்ந்து மூன்றாவது மாதம் நான் ஒரு பிழை விட்டேன். நாவுலையில் ஒரு மரக்கறி மொத்தக் கடையில் தராசுத் துண்டு அச்சாகி வந்தபோது, அதன் தலைப்பில் தம்புள்ளையில் இருந்த வேறொரு கடைக்காரரின் பெயர் நின்றது. நாவுலைக்காரர் போனில் கத்தியது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கும் கேட்டது. எங்கள் முதலாளி ரவூப் நானா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரவூப் நானா துபாயிலிருந்து திரும்பி, மாத்தளை டவுனில் ஒரு இரும்புக் கடையின் மேல் மாடியில் ஆரம்பித்த சின்னக் கொம்பனி அது. ஐந்து பேர். மரக்கறிக் கடைகளுக்கும் நெல் ஆலைகளுக்கும் எடை போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். புதிதாக ஒரு கடை கிடைத்தால், பழைய கடையின் புரொஜெக்டை அப்படியே பிரதி எடுத்து, பெயர் வரும் இடங்களைத் தேடித் தேடிக் கையால் மாற்றுவோம். நாற்பத்து மூன்று இடங்கள். நான் ஒன்றை விட்டுவிட்டேன்.

அன்று பின்னேரம் சிறில் என் மேசைக்கு வந்தார்.

"ஹமீமா, கையால மாத்துற வரைக்கும் யாராச்சும் ஒரு எடத்த விடத்தான் செய்வாங்க. இது ஒங்க பிழ இல்ல. நாம வேல செய்ற முறதான் பிழ."

"அதுக்கு என்ன செய்ற?"

"ஒரு மாசம் தாங்க. பாக்குறேன்."

சிறில் பலாபத்வலப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில் பிறந்தவர். தகப்பன் இராயப்பன், இவர் சாதாரண தரம் படிக்கும்போதே செத்துப்போனார். தாய் தெரேசா இறப்பர் பால் வெட்டி மகனைப் படிக்க வைத்தார். சிறில் கண்டியில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் டிப்ளோமா முடித்திருந்தார். வீட்டில் கொம்பியூட்டர் கிடையாது. அதனால் போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் இருந்துகொண்டு கொப்பியில் எழுதுவார். நிரலைக் கையால் எழுதுகிற ஒருவரை நான் முதன்முதலில் பார்த்தது அப்போதுதான். சின்ன, நேரான ஆங்கில எழுத்து. ஒரு வெட்டுக்கூட இருக்காது.

எழுதிய நிரலைத் தொகுத்து, சோதித்து, கடையில் போடக்கூடிய ஒரே கோப்பாக்கித் தரும் இலவசக் கருவி ஒன்றை அவர் இணையத்திலிருந்து இறக்கினார். என்னென்ன வேலைகளை எந்த ஒழுங்கில் செய்ய வேண்டும் என்று அதற்கு ஒரு கோப்பில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தக் கருவியைச் செய்தவர்கள் அப்படிப்பட்ட வேலையை 'டார்கெட்' என்று அழைத்தார்கள். அடைய வேண்டிய இலக்கு என்ற கருத்தில் வைத்திருப்பார்கள். உலகம் முழுவதும் அதைப் பாவித்தவர்களுக்கு அது சாதாரணச் சொல்.

சிறில் ஒரு மாதிரிப் புரொஜெக்டைச் செய்தார். கடையின் பெயர் வரும் நாற்பத்து மூன்று இடங்களிலும் வெறும் அடையாளக் குறி. ஒரு கட்டளை கொடுத்து, கூடவே கடையின் பெயரைத் தட்டினால், குறிகளெல்லாம் அந்தப் பெயராக மாறிப் புதிய புரொஜெக்ட் ஒன்று பிறக்கும். பிறக்கும்போதே சோதனைகளும் அதற்குள் இருக்கும். குறி ஏதாவது மாறாமல் கிடக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை. ஐம்பது கிலோ போஞ்சி மூட்டையில் சாக்கின் நிறை சரியாகக் கழிகிறதா என்று பார்க்க இன்னொன்று. எதிலாவது பிழைத்தால் கருவி அந்த இடத்திலேயே நின்றுவிடும். கடைக்குக் கொண்டுபோகக் கோப்பே கிடைக்காது.

சொல்ல இலகு. மாதிரியைச் சோதிப்பது எப்படி என்பதில் மூன்று கிழமை தட்டுத்தடுமாறினார். குறிகள் நிறைந்த நிரல் தொகுபடாது. தொகுபடாததைச் சோதிக்க முடியாது. கடைசியில், உலகத்தில் இல்லாத கடை ஒன்றின் பெயரில் கருவியே தற்காலிகமாக ஒரு புரொஜெக்டை உண்டாக்கி, அதைச் சோதித்து, பிறகு அழித்துவிடும்படி அமைத்தார். முதல் நாள் அவருடைய கொம்பியூட்டரில் ஓடியது. ரவூப் நானாவுடையதில் ஓடவில்லை. அவருடைய கோப்புறைப் பெயரின் நடுவில் ஒரு இடைவெளி இருந்ததுதான் காரணம் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் போனது. அது ஓடிய நேரம் சிறில் கதிரையில் சாய்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

அடுத்து, எல்லாக் கடைகளின் புரொஜெக்டுகளையும் காலை ஆறு மணிக்கு, நாங்கள் வருமுன்னே, கருவி தானாகச் சோதித்து வைக்க வேண்டும் என்றார். ஒவ்வொரு கடைக்கும் ஒரு டார்கெட். ஆனால் கடைகளின் பெயர்கள் நீளம், அதிலும் இரண்டு கடைகளுக்கு ஒரே பெயர்.

"ஊர்ப் பேரையே வைங்களேன்" என்றேன் நான். "தம்புள்ள, நாவுல, நாலந்தா. ஆருக்கும் மாறிப் போகாது."

"நல்லது. அதையே வைப்போம்" என்று கொப்பியில் குறித்துக்கொண்டார்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு மாசி மாதத் தொடக்கத்தில் தம்புள்ளையில் பஸ் ஒன்றில் குண்டு வெடித்தது. செத்தவர்களில் அதிகம் பேர் யாத்திரை போனவர்கள். அதன்பிறகு அந்தப் பாதையில் ஒவ்வொரு பஸ்ஸிலும் ஆட்களை இறக்கி, சோதித்து ஏற்றினார்கள். இரண்டு கிழமை கழித்து, தம்புள்ளைக் கடையில் புதிய பதிப்பைப் போடுவதற்காகச் சிறில் காலை பஸ்ஸில் புறப்பட்டார். போக வேண்டாம் என்று எங்களில் ஒருவரும் சொல்லவில்லை. கடைக்காரர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

நாலந்தாவுக்குக் கொஞ்சம் முன்னால் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், தோட்டத்து முகவரி. கொப்பியைப் புரட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் என் பக்கத்தில் இருந்துதான் எழுதினார். ஆங்கிலத்தில், வரிவரியாக: டார்கெட், நாலந்தா, காலை ஆறு. டார்கெட், தம்புள்ளை, ஆறு பதினைந்து. முதலில் பழையதைக் கில் பண்ணு. பிறகு ஓடவிடு. தவறினால் நிறுத்து. முடிந்ததும் எல்லாவற்றையும் துடைத்துவிடு.

அவரை இறக்கிக்கொண்டு பஸ் போய்விட்டது.

பொலிஸ் எங்கள் ஒபிஸுக்கு மறுநாள் வந்தது. ரவூப் நானா நின்றபடியே பதில் சொன்னார். அவருக்கு முகமெல்லாம் வியர்த்திருந்தது. "அவர் இங்க வேல செஞ்சவர்தான். ஆனா அந்தக் கொப்பியில என்ன எழுதினாரெண்டு எனக்கு விளங்காது" என்றார். அது முழுப் பொய் அல்ல. உண்மையும் அல்ல. நான் என் மேசையில் இருந்தேன். என்னிடம் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. நானும் எழும்பவில்லை.

வீட்டுக்குப் போய் வாப்பாவிடம் சொன்னேன். வாப்பா சாலிஹ் மிளகு, கராம்பு வாங்கி விற்பவர். எதற்கும் பயப்படாதவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"நீ போய் ஒண்டும் பேச வேணாம் மகள்" என்றார். "இப்ப ஒன்ட பேரக் கொடுத்தா அந்தப் பேர் கடைசி வரைக்கும் அவங்கட ஃபைல்ல நிக்கும். ஒனக்குக் கலியாணம் பேசுற நேரம்."

நான் வாப்பாவைச் சாட்டி இதைத் தள்ளிவிட விரும்பவில்லை. அவர் வேண்டாம் என்றதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

சிறிலைப் பிடித்த ஒன்பதாம் நாள் தெரேசா அம்மா ஒபிஸ் படிகளில் ஏறி வந்தார். கையில் ஒரு ஷொப்பிங் பேக், அதற்குள் சிறிலின் சான்றிதழ்கள். உள்ளே வந்து யாரிடம் பேசுவது என்று தெரியாமல் நின்றார். நான்தான் கதிரையை இழுத்துப் போட்டேன்.

"எம் மகன் இங்க என்ன வேல செஞ்சான் புள்ள?" என்றார். "பொலிசுல எங்கிட்ட கேக்குறாங்க. கொம்பியூட்டர் வேலன்னு சொன்னேன். கொம்பியூட்டர்ல என்ன வேலன்னு கேக்குறாங்க. எனக்குச் சொல்லத் தெரியல. சொல்லிக் குடுங்க, அப்படியே போய்ச் சொல்றேன்."

நான் அவரைச் சிறிலின் கொம்பியூட்டருக்கு முன்னால் இருத்தினேன். கருவியை ஓடவிட்டேன். ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே எத்தனை சோதனை, எத்தனை சரி என்று வரி ஓடியது. இது மரக்கறிக் கடைத் தராசு அம்மா, மூட்டையின் நிறை பிழைக்காமல் பார்க்கிறது, அவ்வளவுதான் என்றேன்.

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"போஞ்சி மூட்டையா?"

"ஓம் அம்மா."

"இதையா எழுதுனான்?" பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒங்களுக்கு இது தெரியுந்தானே புள்ள. அப்ப ஏன் வந்து சொல்லல?"

அதட்டிக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

மறுநாள் வாப்பாவுக்குச் சொல்லாமல், கோப்புகளை அச்செடுத்துக்கொண்டு, தெரேசா அம்மாவோடு பொலிசுக்குப் போனேன். விசாரித்த அதிகாரி நடுத்தர வயதுக்காரர். ஏச்சுப் பேச்சு இல்லை. நான் சிங்களத்தில் விளங்கப்படுத்தினேன். டார்கெட் என்ற சொல் கருவியின் சொல், அவர் கண்டுபிடித்தது அல்ல என்று காட்டினேன். கில் என்றால் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மென்பொருளை நிறுத்துவது என்றேன். அவர் ஒவ்வொரு தாளையும் வாசித்தார். இரண்டு இடத்தில் நிறுத்தி நல்ல கேள்வி கேட்டார். அவருக்கு விளங்கிவிட்டது என்றே இன்றும் நினைக்கிறேன்.

பிறகு கேட்டார்: "சரி. கடைக்குப் பெயர் இருக்கும்போது ஊர்ப் பெயரை வைத்தது யார்? தான்தான் வைத்ததாகச் சொல்கிறான். அப்படியா?"

பக்கத்தில் தெரேசா அம்மா இருந்தார். அவருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனால் பெயர் வைத்தது நான் என்பது அவருக்குத் தெரியாது.

"அது கடைகள் இருக்கிற ஊர்கள் சேர்" என்றேன்.

"யார் வைத்தது என்று கேட்டேன்."

"அவர்... அவர்தானே எழுதினவர்."

அதிகாரி குறித்துக்கொண்டார். தாள்களை அடுக்கி என்னிடமே திருப்பித் தந்தார். "தடுப்புக் கட்டளை நேற்று வந்துவிட்டது. இனி என் கையில் இல்லை. இரண்டு மூன்று நாள் முன்னே வந்திருந்தால் நானும் ஏதாவது எழுதிப் பார்த்திருப்பேன்" என்றார். பிறகு தெரேசா அம்மாவைப் பார்த்து, "எழுதியும் ஒன்றும் ஆகாமல் போயிருக்கலாம் அம்மா" என்று சேர்த்துக்கொண்டார்.

சிறிலைத் தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். தெரேசா அம்மா மாதம் ஒருமுறை போய் வந்தார். ஒரு நாள் போக, ஒரு நாள் வர. இருபது நிமிடம் பார்க்கலாம். போகுமுன் ஒபிஸுக்கு வந்து, "ஏதாச்சும் சொல்லணுமா புள்ள?" என்று கேட்பார். சுகமாக இருக்கச் சொல்லுங்கள் என்பேன். சொல்ல வேண்டியிருந்த மற்றதை அந்த அம்மாவின் வாயால் சொல்லியனுப்ப முடியாது. ஒருமுறை திரும்பி வந்தவர், மகனுடைய இடது காது சரியாகக் கேட்பதில்லை என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வருடம் பங்குனியில் தெரேசா அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. அந்த மாதப் பயணத்தைத் தள்ளிப்போட மாட்டேன் என்று போய், மழையில் நனைந்து திரும்பி, ஆறாம் நாள் ஆஸ்பத்திரியில் மௌத்தானார். ரவூப் நானா வேன் பிடித்து எங்கள் எல்லோரையும் அடக்கத்துக்குக் கூட்டிப்போனார். மகனை விடும்படி பாதிரியார் முகாமுக்கு எழுதியிருந்தார். பதில் வருமென்று பின்னேரம் நாலு மணி வரை பெட்டியை மூடாமல் வைத்திருந்தார்கள். வரவில்லை. குழிக்குள் முதல் மண்ணைப் போடும் மகனுடைய வேலையை, நீர்கொழும்பிலிருந்து வந்திருந்த, தெரேசா அம்மாவின் தங்கை மதலேனாவின் புருஷன் செய்தார்.

யுத்தம் முடிந்து இரண்டு மாதத்தில், குற்றச்சாட்டு எதுவும் இல்லை என்று சிறிலை விட்டுவிட்டார்கள். பதினேழு மாதம். நான் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். லயத்துக் காம்பராவில், தோட்டம் கொடுத்திருந்த அந்த ஒற்றை அறையில், சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் வேலைக்கு ஆள் இல்லாத வீட்டைத் திருப்பிக் கேட்டிருந்தார்கள். வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு பேசினார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பது நாள் பேசாமல் இருந்ததையும், பத்தாம் நாள் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னேன் என்பதையும்.

"ஒங்க பேரச் சொல்லக் கூடாதுன்னுதான் நானும் சொல்லல" என்றார். "சொல்லியிருந்தா நீங்களும் உள்ள இருந்திருப்பீங்க. அதால எனக்கு என்ன லாபம்?"

"அப்ப என்னில கோபம் இல்லையா?"

அவர் ஒரு சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தார். தெரேசா அம்மாவின் சேலை.

"அது எனக்கே தெரியல ஹமீமா. பொய் சொல்ல விருப்பமில்ல."

திரும்பவும் வேலைக்கு வரும்படி ரவூப் நானா சொல்லியனுப்பியதைச் சொன்னேன். தலையை ஆட்டி மறுத்தார். இனிக் கீபோர்டில் கை வைக்க முடியாது என்றார். முகாமிலிருந்து வந்த கிழமை டவுனில் ஒரு கொமினிகேஷன் கடையில் ஈமெயில் பார்க்க உட்கார்ந்து, முடியாமல் எழும்பி வந்துவிட்டாராம்.

நீர்கொழும்புக்குப் போய், சித்தி மதலேனாவின் வீட்டில் தங்கி, ஒரு ஐஸ் தொழிற்சாலையின் களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த வருட நத்தார் பண்டிகைக்கு நான் போன் எடுத்தேன். பின்னால் ஐஸ் உடைக்கும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று இரண்டு தரம் கத்திக் கேட்டேன்.

"இருக்கேன். இங்க குளிர் கூட, ஆனா பழகிருச்சு" என்றார். "லொறி வந்துருச்சு ஹமீமா. வைக்கட்டா?"

வையுங்கள் என்றேன்.