ஈரமாக இருக்க வேண்டிய கழுத்து

காட்டுச் சேவலின் கழுத்து இறகை எண்ணெய் வண்ணத்தில் வரைய வறண்ட ஊர் உதவாது. எலப்புள்ளியில் உட்கார்ந்து மூன்று கேன்வாஸ்களை வீணாக்கிய பிறகுதான் இது எனக்குப் புரிந்தது.

அந்த இறகு அடியில் கறுப்பு, நடுவில் சாம்பல். நுனியில் மெழுகு சொட்டியது போல ஒரு மஞ்சள் புள்ளி. அந்த மஞ்சள் மேலே ஒட்டவைத்தது போலத் தெரியக் கூடாது, கறுப்புக்குள்ளிருந்து எழுந்து வந்தது போலத் தெரிய வேண்டும். அதற்குக் கறுப்பு ஈரமாக இருக்கும்போதே மஞ்சளை வைத்து, உலர்ந்த மெல்லிய தூரிகையால் இறகு படியும் திசையில் ஒரே ஒரு முறை இழுக்க வேண்டும். மறுநாள், பாதி ஈரம் நிற்கும்போதே, ஒவ்வொரு இறகின் நடுத்தண்டையும் ஊசி முனையால் கீறி எடுக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் எங்கள் எலப்புள்ளியில் மாலையில் பூசிய மெல்லிய பூச்சு காலைக்குள் தோல் கட்டிவிடுகிறது. ஊசியை வைத்தால் கீறல் விழாமல் பொருக்கு பெயர்கிறது.

ஆகவே மே மாதக் கடைசியில், கஞ்சிக்கோட்டில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, சின்னக்கானலில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். அங்கே பகலெல்லாம் மேகம் ஜன்னல் வழியாக வந்து போகும். வண்ணம் காய அவசரப்படாது. நான் மலையேறிப் போனதே அந்த ஈரத்துக்காகத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்ததைக் கேட்டவர்கள் எல்லோரும் "படம் காயலைன்னுதானே அக்கா வீட்டுக்காரர் எடுத்துட்டுப் போனார், பாவம்" என்றே பேசினார்கள்.

அக்காவின் கணவர் அங்கே ஒரு தோட்டத்து ஃபேக்டரியில் டீமேக்கர். கொழுந்து உள்ளே வருவதிலிருந்து தூளாகி மூட்டையில் போவது வரை அவர் பொறுப்பு. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சில் இன்னும் மதுரைப் பக்கத்து வாடை. குடியிருப்புக்கும் ஃபேக்டரிக்கும் இடையில் ஒரு கல்படிக்கட்டுதான். அந்த மலையில் மழை பிடித்துவிட்டால் துணி, அப்பளம், மிளகாய் வற்றல், பிள்ளைகளின் பள்ளிக்கூட ஷூ என்று எது காய வேண்டுமென்றாலும் ஃபேக்டரிப் பக்கம் கொண்டு போவார்கள். தேயிலையை உலர்த்தும் டிரையரின் சூட்டுக்கு முன்னால் காயாதது எதுவும் இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் ஊறிப்போன எண்ணம்.

நான் வரைந்துகொண்டிருந்த படம் பாலக்காடு டவுனில் ஜூன் மாதம் நடக்கவிருந்த ஓவியக் கண்காட்சிக்கு. உள்ளூர்க்காரர்கள் வரைந்தது மட்டும் வைப்பார்கள். அதற்கு முன் இரண்டு முறை என் படங்கள் திரும்பி வந்திருந்தன. இந்த முறை என் பழைய வரைவு ஒன்றைப் பார்த்துவிட்டு, நடத்துகிறவர் வாசலுக்கு நேரெதிர்ச் சுவரை எனக்கு ஒதுக்கியிருந்தார். சேவல் அந்தச் சுவரில் தொங்க வேண்டும். ஐம்பதை நெருங்கும் வயதில் எனக்கு அது சிறிய ஆசை இல்லை.

இறகை வாலில் தொடங்கித் தலையை நோக்கித்தான் வரைய வேண்டும். ஓடு வேய்கிறவர் கூரையின் அடியிலிருந்து தொடங்குவது போல, கீழ் இறகு முதலில், அதன்மேல் படியும் இறகு பிறகு. வாலையும் முதுகையும் சிறகையும் ஊரிலேயே முடித்துக் காயவைத்துக் கொண்டு போயிருந்தேன். மலையில் செய்ய வேண்டியது கழுத்து மட்டும். ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் செடிகளுக்கு இடையில் சேவல்கள் மேய்ந்தன. ஆனால் மழைக்காலம் நெருங்கும்போது அவை கழுத்து இறகை உதிர்த்துவிட்டுக் குட்டைக் கறுப்பு மயிரோடு திரியும். அதனால் பனிக்காலத்தில் நானே எடுத்த புகைப்படங்களை மேசையில் பரப்பியிருந்தேன்.

அத்தனை இறகுகளுக்கும் கறுப்பும் மஞ்சளும் வைத்து முடித்த மாலையில், டீமேக்கர் தேநீர்க் கிளாசோடு வந்து படத்துக்கு முன்னால் நின்றார்.

"என்ன கொழுந்தியா, வாலு ஆச்சு, ஒடம்பு ஆச்சு, கழுத்தும் ஆச்சு. மசாலா அரைக்கச் சொல்லவா?"

"சொல்லுங்க மாமா, இந்தச் சேவலுக்கு எண்ணெய் ஊத்த வேண்டியதில்லீங்க. நானே ஊத்தீட்டேன்."

அவர் சிரித்தார். நான் சிரித்துக்கொண்டே, ஆனால் தெளிவாக, அக்காவும் கேட்கும்படி சொன்னேன்: "கழுத்து ஈரமாவே இருக்கோணுங்க மாமா. நாளைக்குத்தான் ஊசி வேலை. யாரும் தொட வேண்டாமுங்க."

"நான் ஏன் தொடுறேன்?" என்றார்.

மறுநாள் காலை அக்காவோடு ஜீப்பில் கடைவீதிக்குப் போய்த் திரும்பினேன். படம் தாங்கும் மரச்சட்டம் வெறுமையாக நின்றது.

"படம் எங்கக்கா?"

அக்கா மொபைலைப் பார்த்தாள். அவளுக்குச் செய்தி வந்திருந்தது. "மாமா எடுத்துட்டுப் போயிருக்கறாங்க அம்மிணி. விரல் வெச்சுப் பார்த்தாங்களாம், பிசுபிசுன்னு இருந்துச்சாம். டிரையர் சூட்டுல ஒரு மணி நேரத்துல காஞ்சுருமாம்."

விரல் வைத்துப் பார்த்தாராம்.

படிக்கட்டில் இறங்கி ஓடினேன். படம் ஃபேக்டரிக்குள் இல்லை. டிரையரிலிருந்து சூடான காற்று வெளியேறும் பின்புறச் சந்தில், ஒரு கூடையின்மேல், சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அந்தக் காற்றோடு தேயிலையின் பொன்னிறப் பஞ்சுத் தூசி வெளியே வரும். கொழுந்தின்மேல் இருக்கும் மெல்லிய ரோமம்தான் அது. அந்தச் சந்தின் சுவர், தகரம், சிலந்திவலை எல்லாம் அதனால் மூடிக் கிடக்கும். இப்போது என் சேவலின் கழுத்தும் மூடிக் கிடந்தது. காய்ந்திருந்த முதுகில் ஒன்றும் ஒட்டவில்லை. ஈரமாக வைத்திருந்த கழுத்தில் மட்டும், ஒரு புள்ளி விடாமல், கம்பளி போல அப்பியிருந்தது. நடுவில் ஒரு விரல் ரேகை.

தூள் பிரிக்கும் பகுதியில் வேலை செய்யும் ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். "ஏலா, சேவலு குளிருக்குச் சால்வ போத்திருக்கு!" என்றார். பின்னாலிருந்து இன்னும் இருவர் சிரித்தார்கள். அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை.

"ஏன் இங்க வெளிய வெச்சாருங்க?" என்று கேட்டேன்.

"உள்ள வெச்சா பெயின்ட் வாசம் தேயிலைல ஏறிரும்லக்கா. ஐயா அதுல ரொம்பக் கவனம்," என்றாள் பின்னாலிருந்து சிரித்தவர்களில் ஒருத்தி.

அதைக் கேட்டபோதுதான் எனக்குக் கோபம் ஏறியது. என் படத்தின் வாசம் அவருடைய தேயிலையில் ஏறிவிடக் கூடாது என்று யோசித்திருக்கிறார். அவருடைய தேயிலை என் படத்தில் ஏறிவிடுமே என்று யோசிக்கவில்லை. கவனமில்லாத மனிதர் என்றால் மன்னித்துவிடலாம். இவர் கவனமான மனிதர். எதில் கவனம் செலுத்த வேண்டும் என்பதில்தான் நானும் என் வேலையும் விட்டுப்போய்விட்டோம்.

அவர் டேஸ்டிங் அறையில் இருந்தார். வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் அன்றைய ஒவ்வொரு தொகுதித் தூளின் சாறு. ஒரு கரண்டியை உறிஞ்சித் துப்பிவிட்டு நிமிர்ந்தார்.

"காஞ்சிருச்சா?"

நான் கையை நீட்டி நடுவில் இருந்த ஒரு கோப்பையை எடுத்தேன்.

"ஏய், ஏய்! கப்பத் தொடாத! வரிசை மாறுச்சுன்னா எது எந்த இலைன்னு எப்படித் தெரியும்? காலைல இருந்து பண்ணுன வேல எல்லாம் போச்சு!"

கோப்பையை எடுத்த இடத்திலேயே வைத்தேன். "நானும் தொட வேண்டாமுன்னுதானுங்க மாமா சொன்னேன்."

அவருக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் முகம் சிவந்தது. "அதும் இதும் ஒண்ணா? இது வேல, புள்ள. அது நீ லீவுல வரையிறது."

பன்னிரண்டு வருடங்களாக விடுப்பில்தான் வரைகிறேன், உண்மை. அதனால்தான் ஒவ்வொரு விடுப்பு நாளும் எனக்கு அவருடைய வேலை நாளைவிட அருமையானது. கேன்வாஸைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இடுக்கியால் ஒரு இழையை எடுத்துப் பார்த்தேன். கூடவே வண்ணமும் வந்தது. ஒரு இறகைச் சுத்தம் செய்தால் அந்த இறகே இல்லாமல் போகிறது. கண்காட்சி நடத்துகிறவருக்குப் போன் செய்து, படம் கெட்டுவிட்டது, கழுத்தைத் திரும்ப வரையக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்றேன். கல்பாத்திப் பக்கத்துக்காரர், அன்பாகப் பேசுகிறவர். ஒரு போட்டோ அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"என்ன கெட்டுப் போச்சுங்கறேள்? பேஷா இருக்கே! கழுத்தைத் தொட்டுப் பாக்கணும்னு தோண்றதாக்கும். அப்படியே அனுப்பிச்சுடுங்கோ."

"அது நான் வரைஞ்சதில்லீங்க. தேயிலைத் தூசிங்க."

"யார் பண்ணினா என்ன, கேட்டேளா? மிக்ஸ்ட் மீடியா, வண்ணத்தோட வேற பொருளும் சேர்ந்ததுன்னு ஒரு சீட்டு ஒட்டிடலாம். முன்னே ரெண்டு தடவை திருப்பி அனுப்பிச்சோமே, அதுலே இல்லாத உயிர் இதுலேன்னா இருக்கு!"

ஸ்பீக்கரில் வந்த பேச்சை அக்காவும் கேட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த டீமேக்கரும் கேட்டார். அவர் முகம் மலர்ந்த விதத்தை நான் மறக்க மாட்டேன்.

"பாத்தியா? என்னமோ கொலக் குத்தம் பண்ணுன மாதிரி குதிச்சியே. இப்ப என் கைபட்டுத்தான் உனக்குப் பிரைஸே வரப்போகுது."

"அனுப்பீரு அம்மிணி," என்றாள் அக்கா. "அவங்களே நல்லாருக்குதுங்கறாங்க. வேற என்ன வேணும் உனக்கு?"

என்ன வேணும் எனக்கு? இறகுக்கு ஒரு திசை உண்டு. கழுத்தில் இருக்கும் ஒவ்வொன்றும் தலையிலிருந்து கிளம்பித் தோள்பட்டையை நோக்கிப் படியும். பக்கத்தில் இருப்பதன்மேல் கொஞ்சம் ஏறி, கீழே இருப்பதைக் கொஞ்சம் மறைத்து நிற்கும். சேவல் திரும்பிப் பார்த்தால் அந்த வரிசை விசிறி போல விரியும். மழையில் நனைந்தால் தண்ணீர் அந்தத் திசையில்தான் வழியும். இதைப் பார்க்கத்தான் நான் பனிக்காலக் காலைகளில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே அட்டைக்கடி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பஞ்சுக்குத் திசை கிடையாது. காற்று வீசியெறிந்த இடத்தில் விழுந்து கிடந்தது. தொட்டுப் பார்க்கத் தோன்றுகிறது என்றால் சாக்கையும்தான் தொட்டுப் பார்க்கத் தோன்றும். அதைப் பறவையின் உயிர் என்று சொல்கிறவர், என் இரண்டு படங்களையும் எதைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்? பறவையே தெரியாதவர்கள் பறவைப் படத்தில் உயிர் இல்லை என்று சொல்ல, நான் அதை நம்பி இரண்டு வருடம் என் கையைச் சந்தேகித்திருக்கிறேன்.

"காட்டுக்கோழியப் பார்த்தவங்க ஒருத்தராவது அங்க வருவாங்கக்கா," என்றேன். "அவங்க முன்னால என் பேர்ல இது தொங்கக் கூடாது."

சாப்பாட்டு மேசையிலேயே பழைய செய்தித்தாளை விரித்து, படத்தைக் கிடத்தி, வண்ணம் குழைக்கும் கத்தியால் கழுத்தைச் சுரண்டினேன். மேலிருந்து கீழாக, தலையிலிருந்து தோள்வரை. பஞ்சும் கறுப்பும் மஞ்சளும் ஒன்றாகச் சுருண்டு வந்தன. விரல் ரேகையும் வந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடிப்பாவி, நல்லாத்தானே இருந்துச்சு!" என்றார் டீமேக்கர். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, அவரால் அடக்க முடியவில்லை போலிருக்கிறது: "இப்ப மழைக்காலச் சேவலு மாதிரியே ஆயிருச்சு. வெளிய நிக்கிதே, அதே கழுத்து."

அது உண்மையாக இருந்தது. அதனால் இன்னும் எரிந்தது.

நடத்துகிறவரை மறுபடி அழைத்து, படம் வராது என்றேன். "அடடா, என்ன இப்படிப் பண்ணிட்டேள்," என்றார். அவகாசம் தரவில்லை. அன்றைய நாட்குறிப்பில் மழை, பயணம், செலவு ஆகிய எதையும் எழுதவில்லை. வழக்கமாக நான் அதில் யாரையும் திட்டுவதில்லை. அன்று பக்கம் முழுக்கத் திட்டினேன், கோடு தாண்டாமல்.

கண்காட்சிக்குப் போனேன். போகாமல் இருந்தால் கோபித்துக்கொண்டதாகப் பேசுவார்கள். கோபம்தான், ஆனால் அதை ஊர்ப்பேச்சாக்காமல் என்னிடமே வைத்துக்கொள்ள விரும்பினேன். எனக்கு ஒதுக்கியிருந்த சுவரில் ஒரு அந்திநேர ஆறு தொங்கியது. தண்ணீர் முழுக்க வெள்ளி மினுக்குத் தூள் ஒட்டியிருந்தது. மக்கள் ஒவ்வொருவராக வந்து தொட்டுப் பார்த்தார்கள். பக்கத்தில் சீட்டு: மிக்ஸ்ட் மீடியா. நடத்துகிறவர் என்னைப் பார்த்ததும் கை கூப்பினார். நானும் கூப்பினேன். வெளியே வந்து பஸ் பிடித்தேன்.

இப்போது எலப்புள்ளியிலும் நல்ல மழை. பின்னறை ஜன்னலைத் திறந்து வைத்தால் இங்கேயே ஈரம் நிற்கிறது. கழுத்தின் கீழ் வரிசை முடிந்து ஊசி வேலையும் ஆகிவிட்டது. மேல் வரிசைகளுக்கு நேற்றுத்தான் மஞ்சள் வைத்தேன். அறைக்குப் பூட்டு வாங்கியிருக்கிறேன், சாவி என் சங்கிலியில்.

இன்று காலை டீமேக்கர் அழைத்தார். கொழுந்து வரத்து, அக்காவின் முழங்கால் வலி, மண் சரிந்து ரோடு அடைத்தது எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டார்.

"கொழுந்தியா, கழுத்து காஞ்சிருச்சா?"

"காயலீங்க மாமா. காய வேண்டியதில்லீங்க."

மறுமுனையில் கோப்பை ஒன்று மேசையில் வைக்கப்படும் ஓசை கேட்டது.

"சரி, அப்ப நனைஞ்சே கெடக்கட்டும்," என்று சொல்லிச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. ஊசியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.