மூன்று விளக்கும் ஒரு புகைக்கூடும்

எனக்கு எழுத்து சரியாக வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். நான் எழுதினால் ஒரு வரி மலையேறும், அடுத்த வரி பள்ளத்தில் இறங்கும். மறதியும் வந்துவிட்டது. ஆனால் பயிற்சி நிலையத்தின் நினைவு மலருக்கு, அங்கே வேலை செய்த எல்லோரும் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மேடையில் பேசச் சொல்லியிருந்தால் ஓடிப் போயிருப்பேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் பாக்கியம். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டத்தில், வரிசை வீடுகள் இருக்கிற லயத்தில் பிறந்தவள். கொழுந்து பறித்துக் கால் முடியாமல் போன பிறகு, பதுளை டவுனில் இருந்த பயிற்சி நிலையத்தில் கூட்டித் துடைக்கச் சேர்ந்தேன். அங்கே நிகழ்ச்சிகளை ஒழுங்கு செய்ய ஒரு கிளார்க் இருந்தார். அவர் மாற்றலாகிப் போனார். வேறு ஆள் வரும் வரைக்கும் கொஞ்சம் பார்த்துக்கொள் என்றார்கள். ஆள் வரவே இல்லை. ஓய்வு பெறும் வரை நான்தான் பார்த்துக்கொண்டேன். பதவி மட்டும் கடைசி வரைக்கும் சுத்திகரிப்புத் தொழிலாளி.

அங்கே நடந்த பயிற்சிகளில் பெரியது, காற்றின் தரம் பார்க்கிற உத்தியோகத்தர்களுக்கான கூட்டுப் பயிற்சி. வாகனப் புகை பார்க்கிறவர்கள் ஒரு திணைக்களம். டவுனில் குப்பை எரிப்பதைப் பார்க்கிறவர்கள் இன்னொன்று. ஃபெக்டரிப் புகை பார்க்கிறவர்கள் மூன்றாவது. மூன்று பேரும் பார்ப்பது ஒரே காற்றைத்தான், ஒருவரை ஒருவர்தான் பார்ப்பதில்லை. அதனால் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பழக்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகியது. மேலிடம் முடிவு செய்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. நாற்காலி போடுவது நான்.

1. யார் முதலில்

பயிற்சிக்கு இணைப்பாளர் நடராஜா சேர். பதுளை டவுனில் கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார். கடையில் பழகிய பழக்கம் என்று நினைக்கிறேன்.

முதல் பயிற்சிக்கு முந்தின வாரம் முழுக்க அவர் போனில்தான் இருந்தார். என்ன பாடம், யார் படிப்பிப்பது என்பதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. தொடக்கத்தில் மங்கள விளக்கை எந்தத் திணைக்களத் தலைவர் முதலில் ஏற்றுவது என்பதுதான் முடியவில்லை. ஒருவருக்கு வயது அதிகம். ஒருவருக்கு சர்வீஸ் அதிகம். மூன்றாமவர் தன்னுடைய திணைக்களத்தின் காசில்தான் சாப்பாடு என்றார்.

கடைசியில் நடராஜா சேர் சிரித்த முகத்தோடு வந்தார்.

“பாக்கியம், கோயில்ல கேட்டு ஒரு குத்துவிளக்கு வாங்கிட்டு வாங்க. எங்க வீட்டு விளக்க நான் கொண்டாறேன்.”

“நம்ம விளக்கு இருக்குங்களே சேர்.”

“அதோட சேத்து மூணு. மூணு பேரும் ஒரே நேரத்துல ஏத்தட்டும். ஒருத்தரும் முந்தல, ஒருத்தரும் பிந்தல. இதுக்குப் பேருதான் கூட்டுப் பயிற்சி!”

மூன்று விளக்கையும் புளி போட்டுத் துலக்கினேன். எல்லா முகத்துக்கும் தடித்த திரி போட்டு, தேங்காய் எண்ணெய் ஊற்றினேன். வாசலில் ஊதுபத்தி. நடராஜா சேர் ஒரு கட்டு முழுவதையும் ஏற்றச் சொன்னார்.

அன்று காலையில் வெளியே ஒரே பனிமூட்டம். குளிருக்காக ஜன்னல்களைச் சாத்தினோம். சுவரில் படம் காட்ட வேண்டும் என்பதற்காகத் திரைகளையும் இழுத்துவிட்டோம். பயிற்சி தர வந்தவர் யாழினி மிஸ். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கொழும்பில் வேலை. டிபன் பெட்டி அளவில் ஒரு மெஷின் கொண்டுவந்து முன்மேசையில் வைத்தார். காற்றில் இருக்கிற நுண்ணிய தூசியை அது அளக்குமாம். நல்ல காற்று என்றால் பச்சை விளக்கு, சுமார் என்றால் மஞ்சள், கெட்டது என்றால் சிவப்பு.

மூன்று தலைவர்களும் மூன்று விளக்கை ஏற்றினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு வயதில் மூத்த தலைவர் பேச எழுந்தார். அவர் சிங்களத்தில் பேசினார், நடராஜா சேர் தமிழில் சொன்னார். ஊவா மலைக்காற்று மருந்து மாதிரி. கொழும்பு ஆட்கள் காசு கொடுத்து நம் பக்கத்து ஊரான எல்லவுக்கு வந்து மூச்சு விட்டுவிட்டுப் போகிறார்கள். நாம் அதைச் சும்மா அனுபவிக்கிறோம். இப்படி அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது மெஷின் மஞ்சளுக்கு வந்தது. மருந்து என்று இரண்டாம் தடவை சொன்னபோது சிவப்பானது. பிறகு கீ கீ என்று கத்தத் தொடங்கியது.

மண்டபத்தில் இருந்த எல்லோரும் விளக்குகளைப் பார்த்தார்கள். உடனே எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

“மெஷின் பழுதோ தெரியல,” என்றார் நடராஜா சேர்.

“பழுதில்லை சேர். நேற்றுத்தான் கலிபிரேஷன் செய்தது,” என்றார் யாழினி மிஸ்.

தலைவர் பேச்சை நிறுத்திவிட்டு நடராஜா சேரைப் பார்த்தார். நடராஜா சேர் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தார். கதவோரத்தில் நான் நின்றேன்.

“பின்னால சமையலறையில விறகு அடுப்பு எரியுதுங்க. அங்கேருந்துதான் வருது,” என்றார்.

சமையலறை முற்றத்துக்கு அந்தப் பக்கம். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. ஆனாலும் எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

2. மெஷின் சமையலறைக்கு வந்தது

சமையலறையில் செல்வராணியும் இன்னும் இரண்டு பெண்களும் வேலை செய்தார்கள். மூன்று பேரும் எங்கள் லயத்து ஆட்கள். பயிற்சி நடக்கிற நாட்களில் சமைத்துக் கொடுத்தால்தான் அவர்களுக்குச் சம்பளம். கவ்வாத்து செய்யும்போது வெட்டிப் போடுகிற தேயிலைக் குச்சி, மிலாறு என்போம், அதுதான் விறகு. அந்தச் சமையலறைக்குப் புகைக்கூடு கிடையாது. புகை எங்களைச் சுற்றி வந்து, கண்ணைப் பார்த்துவிட்டு, பிறகு கதவால் வெளியே போகும். செல்வராணிக்கு விடாத இருமல். புகையில் நிற்கக் கூடாது என்று கிளினிக் டொக்டர் சொல்லியிருந்தார். புகையில் நிற்காவிட்டால் வேலை இல்லை. புகைக்கூடு ஒன்று கட்டித் தரும்படி அவளுக்காக நான் நடராஜா சேரிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். அடுத்த வருஷம் பார்ப்போம் என்பார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை, ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் ஒன்று இருக்கத்தான் செய்தது.

அன்று அவர் முற்றத்தைத் தாண்டி ஓடி வந்தார்.

“அடுப்ப அணை! அணை!”

“சோறு அரை வேக்காடுங்க சேர்,” என்றாள் செல்வராணி.

“அங்க உள்ள மெஷின் கத்துது, தெரியுமா?”

“நான் இங்க ரொம்ப நாளா கத்துறேன். இவ்வளவு வேகமா ஒருத்தரும் ஓடி வரலையே.”

நடராஜா சேருக்கு முகம் சிவந்துவிட்டது. “இனிமே சமையலே வேணாம். அடுத்த பயிற்சிக்கு டவுன் ஹோட்டல்ல பார்சல் எடுத்துக்கிறோம்,” என்றார்.

மூன்று பெண்களும் கையில் இருந்ததைக் கீழே வைத்தார்கள். சேர், விளக்கு மூன்று எரிகிறதே என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. வாயைத் தாண்டி வரவில்லை. தண்ணீர்க் குடத்தை எடுத்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைத்தேன்.

அப்போது யாழினி மிஸ் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே வந்ததும் அது சிவப்பாகிக் கத்தியது. எண் ஏறிக்கொண்டே போய், கடைசியில் எண்ணே இல்லாமல் வெறும் கோடு மட்டும் நின்றது. அதற்குள் மிஸ் இருமிக்கொண்டு வெளியே போய்விட்டார். கண்ணெல்லாம் தண்ணீர்.

“அம்மா, இதுக்குள்ளயோ நாள் முழுக்க நிக்கிறியள்?”

“முழுக்க இல்ல மிஸ்,” என்றாள் செல்வராணி. “நடுவுல ஒங்களுக்குத் தேத்தண்ணி குடுக்க வெளிய வருவோம்.”

மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடராஜா சேரிடம் திரும்பினார். “சேர், இது நல்ல களப் பயிற்சி. எல்லாரையும் இஞ்ச கூட்டிக்கொண்டு வாங்கோ. ஹோட்டல்ல சாப்பாடு எடுத்தால் இந்தப் பாடத்தை நான் எங்க போய்க் காட்டிறது?”

இப்படித்தான் அவர்களுக்கு வேலை நிலைத்தது. நன்றாகச் சமைத்ததற்காக இல்லை, நன்றாகப் புகைந்ததற்காக. உத்தியோகத்தர்கள் இரண்டிரண்டு பேராக, கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு வந்து ரீடிங் எடுத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் எல்லோருமாக எல்லவுக்கு நல்ல காற்றின் ரீடிங் எடுக்கப் போனார்கள். அது நாள் முழுக்க எடுத்தது.

3. முன், பின்

அதன் பிறகு ஒவ்வொரு பயிற்சியிலும் எங்கள் சமையலறை ஒரு பாடம். வருவார்கள், அளப்பார்கள், ஐயோ பாவம் என்பார்கள், போவார்கள். செல்வராணியின் இருமலும் அப்படியே இருந்தது.

“பாக்கியக்கா, நம்மள கண்காட்சியில வச்ச மாதிரி பாக்குறாங்க,” என்பாள். “டிக்கெட்டு மட்டுந்தான் போடல.”

ஒரு நாள் யாழினி மிஸ் தனியாக நின்று பிளேன்டீ குடித்தார். நான் கோப்பையை வாங்குவது போலப் பக்கத்தில் போனேன்.

“மிஸ்... அந்தப் புகைக்கூடு... ஒண்ணு கட்டுனா...” அதற்கு மேல் எனக்கு வரவில்லை. ஆனால் அது போதுமாக இருந்தது.

மிஸ் கொஞ்சம் யோசித்தார். “அம்மா, சமைக்கிற ஆக்களுக்குப் புகைக்கூடு வேணுமெண்டு கேட்டால் தரமாட்டினம். புகைக்கூட்டுக்கு முன், புகைக்கூட்டுக்குப் பின் எண்டு ரீடிங் ஒப்பிட்டுக் காட்ட வேணுமெண்டு கேட்டால் தருவினம்.”

அப்படியே நடந்தது. வருஷக் கணக்காகக் கண்ணெரிச்சலுக்குக் கிடைக்காதது, பாடத்துக்கு என்றதும் கிடைத்துவிட்டது. பயிற்சி உபகரணம் என்று, பட்டியலில் படம் காட்டுகிற மெஷினுக்கு அடுத்ததாக எங்கள் புகைக்கூட்டையும் சேர்த்துக்கொண்டார்கள். மேசன் வந்து கட்டி முடித்த அன்று, மூன்று பெண்களும் அடுப்பை மூட்டிவிட்டு முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். புகை நேராக மேலே போனது. செல்வராணி அதற்குக் கையசைத்து வழியனுப்பினாள்.

மெல்ல மெல்ல அவளுக்கு இருமல் குறைந்தது. பேச்சு கூடியது.

4. படங்கு

அடுத்த பயிற்சிக்கு யாழினி மிஸ் வரவில்லை. மேல்படிப்புக்குப் போய்விட்டார். புதிதாக ஒரு சேர் வந்தார். சமையலறையில் மெஷினை வைத்ததும் அது மஞ்சளில் நின்றது. அவர் அதைத் தட்டிப் பார்த்தார், திருப்பி வைத்துப் பார்த்தார். முகம் வாடிப்போனது.

“இந்த குரூப் ‘முன்’ பாக்கலையே. ‘பின்’ மட்டும் காட்டி என்ன பிரயோசனம்?” என்றார்.

நடராஜா சேருக்கு உடனே வழி தெரிந்துவிட்டது. “பாக்கியம், யாரையாவது மேல ஏறி அந்தப் புகைக்கூட்ட ஒரு படங்கால மூடச் சொல்லுங்க. கொஞ்ச நேரந்தான்.”

கொழுந்து பறிக்கும்போது உடுப்பு நனையாமல் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற தடித்த துணிதான் படங்கு. அவரிடம் எனக்குத் தெரிந்த ஒரே பதில், சரிங்க சேர். அன்றைக்கு அது வரவில்லை.

“படங்கு இல்லீங்க சேர்,” என்றேன்.

அவர் என் தலைக்கு மேலே பார்த்தார். பின்னால் கொடியில் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

“அந்தா தொங்குதே?”

நானும் திரும்பிப் பார்த்தேன். “அது ஈரமுங்க,” என்றேன்.

செல்வராணி அடுப்படியிலிருந்து ஊதாங்குழலும் கையுமாக வெளியே வந்தாள். மூன்று திணைக்களத்து ஆட்களும் முற்றத்தில் நின்றார்கள்.

“மூடுங்க சேர், தாராளமா மூடுங்க,” என்றாள். “ஒண்ணே ஒண்ணு. நீங்க எல்லாரும் உள்ள நின்னு அடுப்ப ஊதுங்க. நாங்க வெளிய நின்னு மெஷின பாத்துக்கிறோம். இதுவும் கூட்டுப் பயிற்சிதானுங்களே?”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த பிறகு, முடியாது என்று சொல்ல யாருக்கும் முகமில்லை. படங்கு மேலே போனது. செல்வராணி ஊதாங்குழலை நீட்டினாள்.

“நீங்க முதல்ல போங்க சேர்,” என்றார் ஃபெக்டரிப் புகைக்காரர்.

“சீச்சீ, நீங்கதான் சர்வீஸ்ல மூத்தவரு,” என்றார் வாகனப் புகைக்காரர்.

“வயசுக்கு மரியாதை குடுங்க, அவரு போகட்டும்,” என்றார் குப்பைக்காரர்.

மூன்று திணைக்களங்களும் அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கடைசியில் மூன்று பேரும் ஒன்றாகவே போனார்கள். புதிய சேரும் போனார். நடராஜா சேரைச் செல்வராணியே கையைக் காட்டி உள்ளே அனுப்பினாள். சோற்றுப் பானை கொதிக்கும் முன்னாலேயே எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். படங்கை எடுக்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. நடராஜா சேர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, புதிய சேர் ஏறி எடுத்தார். மெஷினைப் பார்க்க எல்லோருக்குமே மறந்துபோனது. அன்றைக்குச் சோறு அடிப்பிடித்திருந்தது. ஒருவரும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

அதன் பிறகு அந்தப் புகைக்கூட்டை மூடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. விளக்கும் ஒன்று போதும் என்றாகிவிட்டது. யார் ஏற்றினாலும் சரி என்றார்கள்.

நான் கற்றுக்கொண்டது பெரிதாக ஒன்றுமில்லை. பயிற்சி ஒழுங்கு செய்கிறவர்கள் விளக்கை ஏற்றும் முன்னால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். யார் முதலில் என்று சண்டை வந்தால், எல்லோரையும் சமையலறைக்குக் கூட்டிப் போங்கள்.

இதில் எந்தத் திணைக்களம் எதைச் சொன்னது என்று மாற்றி எழுதியிருப்பேன். மெஷின் மஞ்சளுக்கு எப்போது வந்தது, சிவப்புக்கு எப்போது வந்தது என்பதும் எனக்கு நிச்சயமில்லை. அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் யாராவது செல்வராணியிடம் போய்ச் சரிபார்க்க வேண்டும். அவள் இன்னும் அந்தச் சமையலறையில்தான் இருக்கிறாள். அவளுடைய இருமல் குறைந்தது என்று எழுதியிருக்கிறேன். நான் வேலையை விட்டு வரும்போது அப்படித்தான். அதையும் மறக்காமல் கேட்டு, குறையவில்லை என்றால் அந்த வரியைத் திருத்திவிடுங்கள். அப்படியே ஏணி வைத்து, மேலே படங்கு ஏதும் கிடக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.