பதினோரு வருஷம் தேடிய போல்ட்

என் அக்கா புருஷன் வெர்லன் ஜெப்சனால் ஓரிடத்தில் கால் மணி நேரம் உட்கார முடியாது. ஞாயிற்றுக்கிழமை சபையில் பிரசங்கம் ஆரம்பித்துப் பத்து நிமிஷம் ஆனால் அவருடைய வலது முழங்கால் ஆடத் தொடங்கிவிடும். அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் அது தெரியும், ஏனென்றால் பெஞ்சே ஆடும். இருபதாவது நிமிஷம் எழுந்து வெளியே போய்விடுவார். கூட்டம் முடிந்து நாங்கள் வரும்போது யாருடைய பிக்கப்புக்கு அடியிலாவது குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

"லாமார், உன் வண்டியில பின் ஆக்சில் எண்ணெய் கசியுது. ரெண்டு வாரமா கசியுது போல."

"அங்க சாமியப் பத்திப் பேசிட்டு இருக்காங்க, நீ என் ஆக்சிலப் பத்திப் பேசுற" என்பான் லாமார். ஆனாலும் சனிக்கிழமை வண்டியை வெர்லன் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துவான்.

வெர்லனுக்கு வேலை நிலக்கரிச் சுரங்கத்தில், மெஷின் ஃபிட்டர். எங்கள் ஊர் ஃபெரனில் அவர் வீட்டைவிட அவர் கட்டிய கராஜ் பெரியது. அந்தக் கராஜுக்குள் நாலு இரும்புத் தாங்கிகளின் மேல் ஒரு பழைய ஜீப் நின்றது. நின்றது என்றா சொல்கிறேன், கிடந்தது. பதினோரு வருஷமாக அது முழுசாக இருந்த நாட்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

முதலில் டயரைப் பெரிசாக்கினார். பெரிய டயர் திரும்பும்போது உள்ளே உரசியது. உரசாமல் இருக்க ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை நாலு அங்குலம் தூக்கினார். தூக்கியதும் எஞ்சினிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்ட் அளவுக்கு மீறிச் சாய்ந்துகொண்டு அதிர ஆரம்பித்தது. அதற்கு ஒரு புது ஷாஃப்ட். பெரிய டயரைச் சுற்ற முடியாமல் எஞ்சின் திணறியது, அதற்கு ஆக்சிலுக்குள் வேறு பல்சக்கரம். பல்சக்கரம் மாறியதும் ஆக்சில் தாங்குமா என்று சந்தேகம். பிறகு பிரேக். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும், அதைச் சரிசெய்தால் மூன்றாவது. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் முகத்தில் கரி போகாமலே கராஜுக்குள் நுழைவார். என் அக்கா ரேடா சாப்பாட்டுத் தட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுப்பாள்.

"அந்த வண்டிக்கு மட்டும் வாய் இருந்தா, 'ஐயா, என்னை விட்டுடு'ன்னு கத்தும்" என்பாள்.

"இன்னும் ஒரே ஒரு வேலைதான் பாக்கி, ரே."

எத்தனை வருஷம் கேட்டாலும் அந்த ஒரு வேலைதான் பாக்கி இருக்கும்.

இதெல்லாம் ஆரம்பித்தது எப்படி என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கல்யாணமான புதிதிலிருந்தே இரண்டு பேரும் சனிக்கிழமை தவறாமல் ஸ்வெல்லுக்குள் போவார்கள். பாறையும் மணலும் வறண்ட ஓடையுமாகக் கிடக்கிற அந்தப் பக்கத்தில் அவர்கள் ஜீப் போகாத சந்து இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு அக்டோபர் மாதம், கழுதைப்படி என்ற இடத்தில் வண்டி கவிழ்ந்தது. அது இரண்டு படியாக ஏறுகிற பாறை. மேல்படியில் ஏறும்போது, ஓட்டிக்கொண்டிருந்த வெர்லன் பின்சக்கரத்தைப் பார்க்கத் தலையை வெளியே நீட்டிய நேரத்தில், முன்சக்கரம் திடீரென்று இடப்பக்கம் திரும்பி ஓரத்தைத் தாண்டியது, வண்டி ஒன்றரைச் சுற்று உருண்டு சக்கரம் மேலாக நின்றது. வெர்லனுக்கு ஒரு கீறல். ரேடாவுக்குக் காறையெலும்பும் இடுப்பும் முறிந்தன. நாலு மாசம் படுக்கை. இன்றைக்கும் குளிர்காலத்தில் படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள்.

வண்டியை இழுத்துவந்து பார்த்தபோது ஸ்டீயரிங் பெட்டியைச் சட்டத்தோடு பிடித்திருக்கிற போல்ட் ஒன்று லூஸாக இருந்தது. கவிழ்ந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் அந்தப் போல்ட்டை இறுக்கியது வெர்லன்தான். இறுக்கினேனா, இறுக்கினதாக நினைத்தேனா என்று அவருக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து அவர் அவளை ஜீப்பில் ஏற்றவில்லை. எந்த வேலையை முடித்தாலும், கைகழுவுவதற்கு முன்னால் முன்பக்கம் போய் அந்தப் போல்ட்டைத் தொட்டுப் பார்ப்பார்.

இந்த வருஷம் ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை ரேடா எனக்கு ஃபோன் செய்தாள். அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள், அன்றைக்கு லீவு.

"டெல்மர், வண்டி நாலு சக்கரத்துல நிக்குது. வா."

"எந்த வண்டி?"

"எந்த வண்டியா? எத்தனை வண்டி இருக்கு எங்க வீட்ல? அவர் பிரைஸ் டவுனுக்குப் போயிருக்காரு. பின்னாடி ஏதோ சத்தம் கேக்குதாம், கிராஸ் வாங்கணுமாம். வர்றதுக்குள்ள போயிட்டு வந்துடலாம்."

கிராஸ் என்பது ஷாஃப்ட் மடங்குகிற இடத்தில் இருக்கும் கூட்டல்குறி மாதிரியான துண்டு. சத்தம் வருகிற கிராஸோடு மலை ஏறக் கூடாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான் போனபோது அவள் ஏற்கெனவே ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்திருந்தாள், மடியில் சாண்ட்விச் பொட்டலம். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு: 'கழுதைப்படிக்குப் போறேன். டெல்மர் கூட இருக்கான். பயப்படாதே.'

"பயப்படாதேன்னு எழுதினா பயப்படமாட்டாரா?"

"ஏறுடா. பேசாம ஏறு."

அவள் ஒன்றையும் மறக்கவில்லை. மண்சாலை முடிந்த இடத்தில் இறங்கி நாலு டயரிலும் காற்றைப் பாதியாக இறக்கினாள். தாழ்ந்த கியரில் போட்டு நத்தை வேகத்தில் ஓடைக்குள் இறக்கினாள். வண்டி வலுவாகத்தான் இருந்தது. முன்பு முக்கி முனகி ஏறிய இடத்தில் இப்போது நடந்து போகிற மாதிரி போனது. ஆனால் பின்னாலிருந்து 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

கழுதைப்படிக்கு வந்ததும் நிறுத்தி, கீழே இறங்கி, பாறையை நன்றாகப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். "நீ இறங்கி நில்லு" என்றாள். நான் ஓரமாக நின்றேன்.

முதல் படியை ஏறிவிட்டாள். இரண்டாவது படியில் முன்சக்கரங்கள் ஏறின. பின்சக்கரம் பாறையில் முட்டி, எஞ்சின் உறுமி, பட்டென்று துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஷாஃப்டின் ஒரு முனை அறுந்து பாறையில் 'டணங் டணங்' என்று அடித்தது. அவள் பிரேக்கை மிதித்தாள். வண்டி சாய்ந்தபடி நின்றது. நான் ஓடிப்போய் சக்கரங்களுக்குப் பின்னால் கல்லை வைத்தேன்.

அவள் இறங்கி வந்து அடியில் எட்டிப் பார்த்தாள். "கிராஸ்தான். அவர் சொன்ன சத்தம் நிஜந்தான்" என்றாள். பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரித்தாள். ஆனால் சாப்பிடவில்லை.

ஃபோன் எடுக்கிற இடம் மேட்டின் உச்சியில்தான். நான் ஏறிப்போய் வெர்லனைக் கூப்பிட்டேன். மணி முழுசாக அடிப்பதற்குள் எடுத்தார், வீட்டுக்கு வந்து சீட்டைப் பார்த்துவிட்டார் போல.

"ரே எங்க?"

"நல்லாயிருக்கா. கிராஸ் போச்சு. மேல்படில நிக்குது."

"சாஞ்சா நிக்குது? எந்தப் பக்கம்?"

"கொஞ்சம் இடப்பக்கம். கல்லு வெச்சிருக்கேன்."

"அவள வண்டியில ஏற விடாத" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இரண்டரை மணி நேரத்தில் வந்தார். பிக்கப்பை ஓடையில் விட்டுவிட்டு, கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசி ஒன்றரை மைல் நடந்திருக்கிறார், நடந்தது எங்கே, ஓடியிருக்கிறார். சட்டை நனைந்திருந்தது. ரேடாவைத் தலையிலிருந்து கால்வரை ஒருதரம் பார்த்தார். நேராக வண்டியின் முன்பக்கம் போய்க் குப்புறப் படுத்து, கையை உள்ளே விட்டார்.

ரேடா எழுந்து நின்றாள்.

"ஷாஃப்ட் பின்னாடி தொங்குது. நீ முன்னாடி என்னத்தத் தடவுற?"

"இத முதல்ல பாத்துடறேன்."

"வெர்லன். அந்தப் போல்ட் அன்னிக்கு லூஸா இல்ல."

"லூஸாத்தான் இருந்துச்சு. நான் என் கண்ணால பாத்தேன்."

"கவுந்ததுக்கு அப்புறம் பாத்த. உருண்டதுல லூஸாயிருக்கும்." அவள் முன்சக்கரத்தைக் காட்டினாள். "வலப்பக்கச் சக்கரம் ஓரத்துக்குப் போற மாதிரி எனக்குத் தெரிஞ்சுது. நீ வெளிய எட்டிப் பாத்துட்டிருந்தப்போ, பயத்துல நான்தான் பக்கத்துலேருந்து ஸ்டீயரிங்கப் புடிச்சு இழுத்தேன். நான் இழுத்ததாலதான் போச்சு."

வெர்லன் படுத்தபடியே இருந்தார். வண்டிக்கு வெளியே அவர் கால்கள் மட்டும் தெரிந்தன. என் வாழ்நாளில் அந்தக் கால்கள் அவ்வளவு அசையாமல் இருந்து நான் பார்த்ததில்லை. பிறகு வெளியே ஊர்ந்து வந்தார். மண்ணைத் தட்டிக்கொண்டார். அவளைப் பார்க்காமல் பின்பக்கம் போனார்.

"டெல்மர், பதிமூணாம் நம்பர் ஸ்பேனர எடு."

உடைந்த ஷாஃப்டைக் கழற்றி எடுத்துவிட்டால் முன்சக்கர இழுவையில் மட்டும் வண்டி போகும். கால் மணியில் கழற்றிவிட்டார். ஆனால் அந்த இழுவை மேல்படி ஏறப் போதாது, பின்னோக்கித்தான் இறங்க வேண்டும். யாராவது ஓட்ட, யாராவது கீழே நின்று சக்கரத்தைப் பார்த்து வழிகாட்ட வேண்டும். அவர் சாவியை ரேடாவிடம் நீட்டினார்.

"நானா?"

"ஏத்தினது நீதான? சக்கரத்தப் பாத்துச் சொல்ல எனக்குத்தான் தெரியும். ஏறு."

அவள் ஏறினாள். அவர் கீழே நின்று கையை ஆட்டினார். "மெதுவா. மெதுவா. வலது. இன்னும் ஒரு பொட்டு வலது. போதும். இப்ப ஸ்டீயரிங்கக் கெட்டியாப் புடி..." சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். அவளும் பிரேக்கை மிதித்தாள். இரண்டு பேரும் கண்ணாடி வழியாக ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் கையை மறுபடி ஆட்டினார், வண்டி இறங்கியது.

வீட்டுக்கு வரும்வரை அவர் பேசவில்லை. வந்த பிறகும் பேசவில்லை. மூன்று வாரம் கராஜ் பக்கமே போகவில்லை. அந்த மூன்று வாரம் என் அக்கா பட்ட பாடு எனக்குத் தெரியும். புல்லை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினார். பக்கத்து வீட்டு வேலியை, அவர்கள் கேட்காமலே, பிடுங்கி நேராக நட்டார். ஒருநாள் பாத்திரம் கழுவும் மெஷினைப் பிரித்துப் பரப்பிவைத்தார், அதில் ஒரு கோளாறும் இல்லை. "அந்த ஜீப்பையே பிரிச்சுத் தொலைக்கச் சொல்லேன்" என்று ரேடா என்னிடம் அழுதாள்.

மூன்றாவது ஞாயிறு மதியம், ஹாமும் உருளைக்கிழங்கும் மேஜையில் இருக்கும்போதுதான் வெடித்தது. நானும் இருந்தேன், எழுந்து போகவும் வழியில்லை.

"பதினோரு வருஷம் அந்த சிமென்ட் தரையில மல்லாந்து கெடந்தேன், ரே."

"நானும் பதினோரு வருஷம் உனக்குத் தட்டு எடுத்துட்டு வந்தேன்."

"ஏன் சொல்லல?"

"ஆஸ்பத்திரில நான் கண்ணு முழிச்சப்போ நீ அழுதுட்டிருந்த. 'என் தப்பு, என் தப்பு'ன்னு. எனக்கு அது..." அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்கு அது நிம்மதியா இருந்துச்சு. என் தப்பு இல்லன்னு ஆயிடுச்சேன்னு. வலி கொறஞ்சதும் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள நீ வண்டியப் பிரிச்சுட்ட. அப்புறம் ஒவ்வொரு வருஷமும் வாய்க்கு வர்றது இன்னும் கஷ்டமாயிடுச்சு."

வெர்லன் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன்.

"எவ்வளவு இழுத்த?" என்று கேட்டார்.

"என்னது?"

"ஸ்டீயரிங்க. எவ்வளவு தூரம் இழுத்த? கால் சுத்து இருக்குமா?"

அவள் காலித் தட்டை எடுத்து ஸ்டீயரிங் மாதிரி பிடித்தாள், கண்ணை மூடிக்கொண்டு இடப்பக்கம் திருப்பினாள். கால் சுற்றுக்கும் கொஞ்சம் மேலே.

அவர் வந்து அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தலைக்குள் அந்தப் பாறையும் சக்கரமும் திரும்பத் திரும்ப ஓடுவது முகத்தில் தெரிந்தது.

"அப்ப சரிதான்" என்றார். "போல்ட் விட்டிருந்தா சக்கரம் தள்ளாடிட்டுப் போயிருக்கும். அது ஒரே வெட்டா வெட்டுச்சு. எனக்கு அது மட்டும்தான் இத்தன வருஷமா ஒத்தே வரல."

பிறகு உட்கார்ந்து ஹாமைச் சாப்பிட்டார். அவள் அழுதுகொண்டே அவருக்கு இன்னொரு துண்டு வைத்தாள். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொன்னதாக அவளும் எனக்குச் சொல்லவில்லை. ஜூன் மாதத்தில் ஒருநாள் ஏதோ அற்ப விஷயத்துக்கு அவர் கோபப்பட்டு, "நீ எதைத்தான் என்கிட்ட சொன்ன?" என்று கேட்டதை என் காதால் கேட்டேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கு மறுநாளே கராஜ் கதவு திறந்தது. புது கிராஸ் போட்டார். பிறகு, எனக்கு நம்பவே முடியவில்லை, தூக்கிய வண்டியை இறக்க ஆரம்பித்தார். நாலு அங்குலத்தை இரண்டாக்கினார், டயரையும் ஒரு அளவு சின்னதாக்கினார். ஷாஃப்ட் நேரானது, சத்தம் நின்றது. பக்கத்து இருக்கைக்கு முன்னால் ஒரு தடித்த இரும்புக் கைப்பிடியை வெல்டிங் வைத்து, அதன்மேல் ரப்பர் சுற்றினார்.

"பயம் வந்தா இத இழு. எவ்வளவு வேணும்னாலும் இழு."

"உனக்குத்தான் அது தேவப்படும். நான்தான் ஓட்டப் போறேன்" என்றாள் ரேடா.

அப்படித்தான் ஆயிற்று. ஜூலையில் இரண்டு பேரும் கழுதைப்படிக்குப் போய், இரண்டு படியையும் ஏறி, மறுபக்கமாக இறங்கி வந்தார்கள். அவள் ஓட்டினாள். அவர் கொஞ்ச நேரம்கூட அந்த இருக்கையில் நிலைத்து உட்காரவில்லை. ஒவ்வொரு பாறைக்கும் குதித்து இறங்கி, முன்னால் நடந்து, கையை ஆட்டினார் என்று அவள் சொன்னாள். ஜீப்பில் போனதைவிட அவர் நடந்ததுதான் அதிகமாம். இப்போது மாசத்தில் இரண்டு சனிக்கிழமை போகிறார்கள். போன தடவை என்னையும் கூப்பிட்டார்கள். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பாதி வழியில் அவர் கையை உயர்த்தி, "நிறுத்து, நிறுத்து, ஏதோ கேக்குது" என்றார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல" என்று சொல்லி ரேடா கியரை மாற்றினாள்.