வெட்டி வைத்த துணியில் கரிக்கோடு

என் கணவரின் தங்கை கம்பஸில் ஆராய்ச்சி செய்கிறாள். பென்சிலுக்குள் இருக்கும் கரியைக் கண்ணுக்குத் தெரியாத தகடுகளாக உரித்தெடுத்தால் அதற்குக் கிராபீன் என்று பெயராம். அதை மையாகக் கலக்கித் துணியில் கோடு இழுத்தால், கம்பி இல்லாமலே கரண்ட் ஓடுமாம். நாளைக்கு நோயாளியின் சட்டையே நெஞ்சுத்துடிப்பை அளக்குமாம். அளக்கட்டும். ஆனால் லாப் பூட்டியிருக்கும் சனி, ஞாயிறுகளில் அந்த மைப்போத்தல் வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டுக்கு வந்துவிடும். அதுவும் நான் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தைக்கிற மேசைக்கு.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். போத்தலைத் திறந்தாலே எனக்கு மூச்சு முட்டும். சுவாசப்பைக்குள் போனால் என்ன ஆகும் என்று கேட்டால், ஈரமாக இருக்கும்வரை பறக்காது என்பாள். காய்ந்த பிறகு? அதற்குள் அடுத்த கோட்டை இழுக்கத் தொடங்கிவிடுவாள். மேசை நடுவே பழைய படுக்கை விரிப்பொன்றைச் சுருட்டி எல்லை போட்டேன். சிரித்தாள்.

ஒரு சனிக்கிழமை மீன் வாங்கி வந்து பார்த்தால், என் கூடையிலிருந்த வெள்ளைத் துண்டொன்றில் கறுப்புக் கோடு. கழிவுத்துணி என்று எடுத்தாளாம். அது ஒரு பிள்ளையின் சட்டைக்கு வெட்டி வைத்த முன்பக்கம். அரசாங்கம் பள்ளிக்கூடத்தில் அளந்து கொடுத்த துணி. விரலளவும் மிச்சம் இல்லை.

சவர்க்காரம், தேசிக்காய், வெளுக்கும் தூள், கொதிதண்ணீர். என் விரல் தோல்தான் உரிந்தது, கோடு போகவில்லை. பார்க்கட்டும் என்று அவள் முன்னால் போட்டேன். அவள் அதை அயன் பண்ணிக் காயவைத்து, கரண்ட் அளக்கும் மீற்றரின் இரண்டு முனைகளையும் கோட்டில் வைத்தாள். முகம் மலர்ந்தது. லாபில் கழுவிய துணிகளிலெல்லாம் கரண்ட் செத்துப்போனதாம், இதில் இன்னும் ஓடுகிறதாம்.

“அண்ணி, என்னென்ன போட்டுத் தோய்ச்சனீங்கள்? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ.”

“உம்மட வாயில வேற ஒரு சொல்லும் வராதோ?”

படிக்கிற பிள்ளை, நீர் விடும் என்றார் என் கணவர்.

அதே வெள்ளையைத் தேடி வெள்ளவத்தைக் காலி வீதியில் கடை கடையாக ஏறினேன். ஒரு வெள்ளை நீலம் பாய்ந்தது, ஒன்று பால் நிறம். கிட்டத்தட்ட ஒத்ததை வாங்கித் தைத்தேன். அந்தப் பிள்ளையின் தாய் வந்து சட்டையைப் பல்கனி வெளிச்சத்தில் பிடித்தார்.

“அக்கா, முன்பக்கம் வேற துணி போல கிடக்கு.”

நடந்ததைச் சொன்னேன். செய்தவள் பக்கத்திலேயே இருந்தாள். மீற்றரிலிருந்து தலை நிமிரவில்லை. தாய் சட்டையை மடித்துக்கொண்டு போனார். பிறகு அவர் வரவில்லை. அவர் சொல்லி என்னிடம் வந்த தாய்மாரும் வரவில்லை.

இப்போது மைக்ரோஸ்கோப்பில் பார்க்க அந்தத் துண்டு வேண்டுமாம். மற்றத் துணிகளில் நிற்காத மை இதில் ஏன் நின்றது என்று தெரியாமல் வேலை ஓடாதாம். ஓடாமலே இருக்கட்டும். துண்டைத் தையல் மெஷின் லாச்சிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன். தூள் பறக்குமோ என்ற பயத்தில் ஒரு சொப்பிங் பையில் சுற்றி, அதன்மேல் இன்னொன்றும் சுற்றினேன். அந்தத் தாயின் வீட்டுக்குப் போய், பிழை தன்னுடையது என்று சொல்லிவிட்டு வரட்டும். அன்றைக்குத் திறப்பேன்.